வள்ளம் ஏன் மாயமாகிறது: ஜிடிஸ்கிரிப்ட் எவ்வளவு தெரிந்தால் போதும்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். ஊர் குளச்சல், பி.காம் இரண்டாம் ஆண்டு. கேம் செய்ய உதவும் இலவச மென்பொருளான கோடோ எஞ்சினை இறக்கி, அதன் மொழியான ஜிடிஸ்கிரிப்டில் ஒரு வள்ளம் அலையை வெட்டிக்கொண்டு கடலுக்குள் போகிற சின்ன கேம் செய்ய ஆசை. வீடியோ பார்த்து அப்படியே எழுதுகிறீர்கள். பாதி நேரம் சிவப்பு எரர் வருகிறது, எரர் வராத நேரத்தில் ரன் கொடுத்த கணமே வள்ளம் மாயமாகிறது. "ஜிடிஸ்கிரிப்டின் அடிப்படை இலக்கணத்தை மட்டும் சொல்லுங்கள், அதற்கு முன் பைதான் படிக்க வேண்டுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். இதற்குள் இருக்கிற கேள்வியாக எனக்குப் படுவது இது: பார்த்து எழுதுவதை விட்டுவிட்டு நாமே நாலு வரி எழுத, குறைந்தபட்சம் என்ன தெரிய வேண்டும்? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். தம்பியா தங்கச்சியா என்று தெரியாததால் 'நீங்கள்' என்றே போகிறேன்.

நான் ஒன்பது ஆண்டுகள் நாகர்கோவிலில் காலை ரயில் பிடித்து, திருவனந்தபுரத்தில் கேம் செய்கிற ஒரு சிறிய அலுவலகத்துக்குப் போய்வந்தவன். இப்போது தக்கலையில் வீட்டு மாடியில் சனி, ஞாயிறு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குக் கைவந்தது 2டி மட்டும்தான். 3டி, ஷேடர் பற்றி நான் ஏதாவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பைதான் முதலில் படிக்கத் தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்துப் பைதான் படித்தவர்களுக்கு முதல் இரண்டு நாள் சுலபமாக இருக்கும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அதே பழக்கம் காலை வாரும். ஃபங்ஷன் தொடங்க அவர்கள் 'டெஃப்' என்று அடிப்பார்கள், இங்கே 'ஃபங்க்' வேண்டும். 'ஒன்றுமில்லை' என்பதற்கு 'நன்' என்பார்கள், இங்கே 'நல்'. பைதானில் 'ட்ரூ' பெரிய எழுத்தில் தொடங்கும், இங்கே சின்ன எழுத்து. எரரைப் பிடித்துச் சமாளிக்கிற ட்ரை–எக்செப்ட் இங்கே கிடையாது. இரண்டும் முகச்சாயலில் அக்கா தங்கை மாதிரி இருக்கும், குணம் வேறு. கோடோ ஆரம்ப காலத்தில் லூவா மொழியைத்தான் வைத்திருந்தது. லூவா 1993இல் பிரேசிலில் பிறந்த மொழி. இன்று ரோப்லாக்ஸில் பிள்ளைகள் எழுதுவது அதன் வழிவந்த லுவாவ். கோடோவைச் செய்தவர்கள் அதை விட்டு, பைதானையும் வேறொன்றையும் பார்த்து, எதுவும் எஞ்சினோடு ஒட்டாமல், கடைசியில் சொந்தமாகவே ஒன்று செய்துகொண்டார்கள். அதுதான் ஜிடிஸ்கிரிப்ட். வேறெங்கும் ஓடாத மொழி என்பது குறைதான், ஆனால் கேமுக்கு வேண்டாத எதுவும் அதில் இல்லை என்பது உங்களுக்கு லாபம்.

இனி எழுதப்போகிற கட்டளைச் சொற்களை எல்லாம் உச்சரிப்பாகத் தமிழில் தருகிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். 'வேர்' என்பது வேரியபிளின் (மதிப்பை வைக்கும் பெயர்) முதல் மூன்று எழுத்து, 'ஃபங்க்' என்பது ஃபங்ஷனின் (பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பு) முதல் நான்கு எழுத்து.

என் வகுப்பில் நான் சொல்வது: எந்த வரியைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த வரி யாருக்குச் சொந்தம்? இந்த வரி எப்போது ஓடும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் ஜிடிஸ்கிரிப்ட் இலக்கணத்தில் முக்கால்வாசி முடிந்தது.

முதல் கேள்விக்குப் பதில், வரியின் இடப்பக்கம் விட்டிருக்கிற இடைவெளியில் இருக்கிறது. வேறு மொழிகளில் நெளிவு அடைப்புக்குறி போட்டு 'இங்கிருந்து இதுவரை' என்று காட்டுவார்கள். இங்கே முக்காற்புள்ளியில் ஒரு வரி முடிந்தால், அடுத்து டேப் தள்ளி எழுதுவதெல்லாம் அந்த வரியின் பிள்ளைகள். டேப் குறைந்ததும் அந்தக் குடும்பம் முடிந்தது. டேப்பும் ஸ்பேஸும் கண்ணுக்கு ஒரே வெற்றிடம்தான். எஞ்சினுக்கு இரண்டும் வேறு. ஒரே ஃபைலில் கலந்தால் சிவப்பு. போன வருடம் என்னிடம் படிக்கும் ஒரு பெண்பிள்ளை, தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பிய முப்பது வரியை அப்படியே ஒட்டிவிட்டு, முழு மாலையும் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்திருக்கிறாள். எழுத்தில் பிழையே இல்லை. வழியில் டேப்பெல்லாம் ஸ்பேஸாகிவிட்டிருந்தது. இடைவெளியை அழித்துவிட்டு மறுபடி டேப் தட்டினோம், ஒரு சாயா ஆறுவதற்குள் சரியாகிவிட்டது. உங்கள் சிவப்பு எரரில் பாதி இந்த வகையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஃபைலின் முதல் வரியாக வரும் 'எக்ஸ்டெண்ட்ஸ்' இந்த ஸ்கிரிப்ட் எந்த வகை நோடுக்கானது என்று சொல்கிறது. நோட் என்பது கோடோவில் கேமைக் கட்டுகிற ஒவ்வொரு உறுப்பும். வள்ளம் ஸ்பிரைட்2டி, அதாவது படம் காட்டும் நோட், என்றால் அதையே எழுதலாம். அதைவிடப் பொதுவான நோட்2டி என்று எழுதினாலும் ஓடும், ஏனென்றால் ஸ்பிரைட்2டி அதன் வாரிசு. தலைகீழாக, வெறும் நோட்2டியில் ஸ்பிரைட்டின் ஸ்கிரிப்டை மாட்டினால் ஓடாது. அதற்குக் கீழே 'வேர்' போட்டுப் பெயர்கள்: வேர் வேகம் = 200. மாறாத மதிப்புக்கு 'கான்ஸ்ட்'. ஹாஷ் குறிக்குப் பின்னால் வருவது நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் குறிப்பு. பெயருக்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி வைத்து 'இன்ட்' (முழு எண்) அல்லது 'ஃப்ளோட்' (தசம எண்) என்று வகையையும் எழுதலாம். கட்டாயமில்லை என்பதால் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எழுதிப் பழகுங்கள் என்பேன். ஏன் என்று கீழே ஒரு இடத்தில் தெரியும்.

இரண்டாம் கேள்வி, இந்த வரி எப்போது ஓடும். இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். பள்ளியில் எழுதிய புரோகிராம் மேலிருந்து கீழாக ஓடி முடிந்துவிடும். கேம் அப்படி ஓடாது. நீங்கள் ஃபங்ஷன்களை எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறீர்கள். எஞ்சின் தனக்கு வேண்டியபோது அவற்றைக் கூப்பிடுகிறது. பெயர் முன்னால் அடிக்கோடு போட்டு வருபவை அப்படி எஞ்சின் கூப்பிடுபவை. '_ரெடி' நோட் தயாரானதும் ஒரு முறை. '_பிராசஸ்' ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரை ஒவ்வொரு முறை புதிதாக வரையப்படும்போதும், ஒரு முறை. '_ஃபிசிக்ஸ்_பிராசஸ்' மாற்றாமல் விட்டால் நொடிக்கு 60 முறை. இதில் ஒரு பொல்லாத விஷயம்: பெயரில் ஒரு எழுத்து தப்பினால், அல்லது சி ஷார்ப் என்ற வேறு மொழியின் வீடியோவைப் பார்த்து முதல் எழுத்தைப் பெரிதாக அடித்தால், எரர் வராது. நீங்கள் ஏதோ சொந்த ஃபங்ஷன் எழுதியிருப்பதாக நினைத்து எஞ்சின் அதைத் தொடாமல் விட்டுவிடும். 'எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை' என்றால் முதலில் பெயரைப் பாருங்கள். உள்ளே ஒரு 'பிரிண்ட்' வரி போட்டு அது அச்சாகிறதா என்று பார்ப்பது இன்னும் நல்லது.

இப்போது உங்கள் வள்ளம். நீங்கள் ஒட்டியிருந்த துண்டில் '_பிராசஸ்' உள்ளே பொசிஷனின் எக்ஸோடு 200 கூட்டியிருக்கிறீர்கள். இலக்கணப்படி அதில் ஒரு தப்பும் இல்லை, அதனால்தான் எரர் வரவில்லை. அந்த வரி எப்போது ஓடும் என்று கேளுங்கள்: ஒவ்வொரு ஃபிரேமும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால், வள்ளம் நொடிக்கு 12,000 பிக்சல் போகிறது. கோடோ 4 தானாகத் தருகிற திரையின் அகலம் 1152 பிக்சல். இடது ஓரத்தில் கிளம்பினால் ஆறாவது ஃபிரேமில், அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கில், வள்ளம் வலது ஓரத்தைத் தாண்டிவிடும். நம் கண்ணுக்கு அது மாயம். மருந்து இந்த மூன்று வரி:

வேர் வேகம் = 200
ஃபங்க் _பிராசஸ்(டெல்டா):
	பொசிஷன்.எக்ஸ் += வேகம் * டெல்டா

டெல்டா என்பது போன ஃபிரேமிலிருந்து இந்த ஃபிரேமுக்கு ஆன நேரம், நொடிக் கணக்கில். 60 ஃபிரேமில் ஓடினால் சுமார் 0.0167. அதால் பெருக்கியதும் 200 என்பது 'ஃபிரேமுக்கு 200' ஆக இல்லாமல் 'நொடிக்கு 200' ஆகிவிடுகிறது. நண்பனின் பழைய லேப்டாப் 30 ஃபிரேம்தான் தள்ளுகிறது என்றாலும் வள்ளம் அதே நேரத்தில் அதே இடத்துக்குப் போய்ச் சேரும். கூடவே ஒன்று: கோடோவின் 2டியில் ஒய் கீழ்நோக்கி வளரும். அலை வள்ளத்தை மேலே தூக்க வேண்டுமென்றால் ஒய்யைக் குறைக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தின் கிராஃப் தாளை மறந்துவிடுங்கள்.

இஃப், எலிஃப், எல்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒப்பிட இரட்டைச் சமக்குறி, வைக்க ஒற்றைச் சமக்குறி. மாற்றி அடித்தால் எஞ்சினே திட்டும். ஃபார் சுழற்சியில் 'ஃபார் ஐ இன் 5' என்றால் 0 முதல் 4 வரை. வைல் சுழற்சியில்தான் ஆபத்து. 'பட்டன் அழுத்தியிருக்கும் வரை வள்ளத்தை நகர்த்து' என்பது தமிழில் சரியான வாக்கியம், அதனால் பிள்ளைகள் அப்படியே வைல் போட்டு எழுதுகிறார்கள், கேம் உறைந்துபோகிறது. உங்கள் ஃபங்ஷன் முடிந்து திரும்பினால்தான் எஞ்சினால் அடுத்த ஃபிரேமுக்குப் போக முடியும். அடுத்த ஃபிரேம் வந்தால்தான் விரலை எடுத்தது அதற்குத் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று காத்துக் கிடக்கும். அந்த இடத்தில் வைல் வேண்டாம், இஃப் போதும். '_பிராசஸ்' மறுபடி மறுபடி ஓடுவதே உங்கள் சுழற்சி.

அடுத்து, நானே விழுந்த குழி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கேமில் உயிர்ப் பட்டை நான் எழுதியது. முழு உயிர் 100, அடி விழுந்தால் குறையும். பட்டையின் நீளம் உயிரை முழு உயிரால் வகுத்த பின்னம். முதல் அடி விழுந்ததும் பட்டை முழுதும் காலி, ஆனால் ஆள் சாகவில்லை. இரண்டு நாள் தேடினேன். ஜிடிஸ்கிரிப்டில் இரண்டு பக்கமும் முழு எண்ணாக இருந்தால் விடையும் முழு எண்தான், பின்னத்தை வெட்டிப் போட்டுவிடும். 99ஐ 100ஆல் வகுத்தால் 0. ஒரு பக்கத்தை 100.0 என்று எழுதினால் 0.99 கிட்டும். பைதானில் இப்படி வராது, ஆகவே பைதான் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் விழுகிறார்கள். வகையை எழுதுங்கள் என்று மேலே சொன்னது இதற்குத்தான்: இரண்டும் இன்ட் என்று எழுதியிருந்தால், பின்னம் போகிறது என்று எடிட்டர் மஞ்சளில் எச்சரிக்கும். மஞ்சள் எச்சரிக்கையைப் படிக்கிற வழக்கம் எனக்கு அந்த இரண்டு நாளில் வந்தது.

வரிசையாகப் பல மதிப்புகளை வைக்கச் சதுர அடைப்புக்குறியில் அர்ரே, பெயர் சொல்லி எடுக்க நெளிவு அடைப்புக்குறியில் டிக்ஷனரி. அர்ரேயின் எண்ணிக்கை 0இல் தொடங்கும். ஒரு அர்ரேயை இன்னொரு பெயருக்குச் சமம் போட்டால் நகல் ஆகாது. ஒரே ஆளுக்கு வீட்டுப்பெயரும் பள்ளிப்பெயரும் இருப்பது போல, இரண்டு பெயரும் ஒன்றையே காட்டும். ஒரு அலையின் உயரப் பட்டியலை மாற்றினால் மற்ற அலையும் சேர்ந்து குதிக்கும். தனி நகல் வேண்டுமென்றால் 'டூப்ளிகேட்' என்று கேட்டு வாங்குங்கள். எண்ணும், எக்ஸ்–ஒய் ஜோடியான வெக்டார்2வும் அப்படி இல்லை, அவை நகலாகவே போகும்.

ஒரு நோடிலிருந்து இன்னொன்றைத் தொட டாலர் குறி போட்டு அதன் பெயர். இதை மேலே 'வேர்' வரியிலேயே எழுதிவிட்டு, 'நல் மீது கூப்பிட முடியாது' என்ற வகை எரரை வாங்காத ஒருவரையும் நான் பார்த்ததில்லை. காரணம் பழைய கேள்விதான், எப்போது ஓடும்? அந்த வரி ஓடும் நேரத்தில் பிள்ளை நோடுகள் இன்னும் கையில் கிட்டவில்லை. முன்னால் அட் குறியோடு 'ஆன்ரெடி' போட்டால், '_ரெடி' ஓடுவதற்குச் சற்று முன்வரை அந்த வரி பொறுத்திருக்கும். நேராகத் தொடாமல் தகவல் மட்டும் சொல்லச் சிக்னல் இருக்கிறது. உங்கள் கடற்கரையில் ஆலய மணி அடிப்பவர் யார் யார் கேட்கிறார்கள் என்று பட்டியல் வைத்துக்கொண்டா அடிக்கிறார்? கேட்க வேண்டியவர்கள் கேட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். வள்ளம் பாறையில் மோதினால் 'மோதியது' என்று சிக்னல் விடும். பட்டை குறைவதும் சத்தம் வருவதும் அதைக் கேட்டவர்களின் பாடு. முதல் கேமுக்கு இது இல்லாமலும் ஒப்பேற்றலாம். ஆனால் மூன்றாவது நோட் வந்ததும் தேவைப்படும்.

சிவப்பு எரரின் மறுபாதி, வீடியோவின் வயது. கோடோ 4.0 வந்தது 2023 மார்ச்சில். அதற்கு முந்தைய 3ஆம் பதிப்பு வீடியோக்கள் இன்னும் குவிந்து கிடக்கின்றன, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 'எக்ஸ்போர்ட்', 'ஆன்ரெடி' முன்னால் அட் குறி இல்லையா, பழையது. காத்திருக்க 'ஈல்டு' எழுதியிருந்தால் பழையது, இப்போது 'அவெய்ட்'. 'கினமேட்டிக்பாடி2டி' என்றால் பழையது. இப்போது அதன் பெயர் 'கேரக்டர்பாடி2டி', 'மூவ்_அண்ட்_ஸ்லைடு' அடைப்புக்குறிக்குள் எதையும் வாங்குவதில்லை, வெலாசிட்டியை முன்னமே வைத்துவிட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த வீடியோவை மூடிவிடுங்கள். திருத்தித் திருத்தி ஓட்ட முடியும்தான். ஆனால் எது உங்கள் தப்பு, எது பதிப்பின் தப்பு என்று பிரித்தறியப் புதிதாகக் கற்பவரால் ஆகாது.

நீங்கள் கேட்காத ஒன்று, தமிழ். கோடோ 4இல் வேரியபிளுக்கும் ஃபங்ஷனுக்கும் தமிழில் பெயர் வைக்கலாம். மேலே எழுதிய 'வேகம்' தமிழ் எழுத்திலேயே ஓடும். வைக்கலாமா என்பதில்தான் என் மனம் நிலையாக இல்லை. தக்கலைப் பிள்ளைகள் 'அலை_உயரம்' என்று எழுதினால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு வரியிலும் கீபோர்டை மாற்றி மாற்றிச் சலித்து, இரண்டு மாதத்தில் அவர்களே ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். வெளியூர்க்காரரிடம் உதவி கேட்கும்போது அவரால் வாசிக்கவும் முடியாது. தொடக்கத்துக்கு நல்லது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பெயரைவிட, திரையில் தமிழ் எழுதுவதில்தான் கவனம் வேண்டும். 3ஆம் பதிப்பில் 'கொ' போன்ற எழுத்துகள் உடைந்து சிதறும், 4இல் சரியாக வரும். தமிழ் எழுத்துரு ஃபைல் ஒன்றை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். சொல் விளையாட்டு செய்கிற எண்ணம் பின்னால் வந்தால் இன்னொன்று: 'கன்னியாகுமரி'யின் நீளத்தைக் கேட்டால் ஜிடிஸ்கிரிப்ட் 12 என்று சொல்லும். நாம் எண்ணினால் ஏழு எழுத்து. புள்ளியையும் கொம்பையும் காலையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. அதேபோல 'கொ'வில் வரும் ஒகரக் குறியை ஒன்றாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, இரட்டைச் சமக்குறிக்கு இரண்டும் வேறு.

இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, அந்த 200க்குப் பக்கத்தில் டெல்டாவைப் பெருக்கி ஓட்டிப் பார்ப்பது. அதற்குப் பிறகும் வள்ளம் நிற்காமல் போனால், வலது ஓரத்தைத் தாண்டியதும் திரும்ப இடதுக்குக் கொண்டுவர ஒரு இஃப் நீங்களே எழுதிப் பாருங்கள். மாட்டினால் முழு ஸ்கிரிப்டையும் இங்கேயே கீழே ஒட்டுங்கள், கோடோ எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்து. எடிட்டரிலிருந்து நேராக எடுத்து ஒட்டுங்கள், வாட்ஸ்அப் வழியாக வேண்டாம்.